கருமுகிலிலிருந்து மழைக்கு: புயல் கணிப்பும் அனுமானத்தின் எல்லையும்

புயலைக் கணினியால் முன்கணிப்பது, தருக்கத்தின் மொழியில் சொன்னால், காரணத்திலிருந்து காரியத்தை அனுமானிப்பது. இன்றைய காற்று, இன்றைய அழுத்தம், இன்றைய கடல் வெப்பம் ஆகியவை கையில் இருக்கின்றன. மூன்று நாள் கழித்து எந்தக் கரையில் என்ன நிகழும் என்று கேட்கப்படுகிறது. இப்படிப் பெறப்படும் முடிவை அறிவு என்று கொள்ளலாமா என்பது இந்தியத் தருக்க மரபில் மிகப் பழைய வழக்கு. அந்த வழக்கின் நடுவில் நின்ற எடுத்துக்காட்டே மேகமும் மழையும்தான்.

நியாய சூத்திரம் அனுமானத்தை மூன்றாக வகுக்கிறது. அதன் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர், மேகம் திரண்டதைக் கண்டு மழை வரும் என்று கொள்வதை ஒரு வகைக்கும், ஆறு பெருகியதைக் கண்டு மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று கொள்வதை இன்னொரு வகைக்கும் எடுத்துக்காட்டுகிறார். இதே பாகுபாடு தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதையில் வருகிறது. வஞ்சி நகரில் சமயவாதிகளைச் சந்திக்கும் மணிமேகலைக்கு, அளவைவாதி கருத்தளவையை, அதாவது அனுமானத்தை, பொது, எச்சம், முதல் என்று பிரித்துச் சொல்கிறான். வெள்ளத்தைக் கண்டு மழையை உரைப்பது எச்சம். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்பது முதல். இன்றைய வானிலை மையங்கள் ஒவ்வொரு நாளும் செய்யும் வேலைக்கு இந்த ‘முதல்’ என்ற சொல்லைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

அதே காப்பியம் இரண்டு காதை தள்ளி அந்தப் பெயருக்கு மறுப்பையும் வைத்திருக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கத்தைக் கற்பிக்கும்போது, அளவைகள், அதாவது அறிவைப் பெறும் வழிகள், காண்டல், கருதல் என இரண்டே என்கிறார். கருதலிலும் காரணத்தை வைத்துச் செய்வது பிழைபடக்கூடும். பிழையாதது காரியத்தை வைத்துச் செய்வது, புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல என்கிறார். வஞ்சியில் அறிவாக ஏற்கப்பட்ட ஒன்று காஞ்சிக்கு வந்ததும் ஐயத்துக்கு உரியதாகிவிடுகிறது.

ஏழாம் நூற்றாண்டின் பௌத்தத் தருக்க அறிஞர் தர்மகீர்த்தி இந்த ஐயத்துக்கு முழுமையான காரணம் காட்டினார். காரணங்கள் அனைத்தும் கூடியிருந்தாலும் அவை காரியமாக முதிர்வதற்குக் காலம் ஆகிறது. அந்த இடைவெளியில் ஒரு தடை குறுக்கிடலாம். ஆகவே காரணத் தொகுதியிலிருந்து காரியத்தை அனுமானிக்க முடியாது. அக்காரியத்தைத் தோற்றுவிக்கும் தகுதி, அவர் சொல்லில் யோக்யதை, அத்தொகுதிக்கு உண்டு என்பதை மட்டுமே அனுமானிக்கலாம். விதையிலிருந்து முளையை அல்ல, முளைக்கும் தகுதியைத்தான் அறிகிறோம் என்பது போன்றது இது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கணினிகள் புயலைக் கணிக்கத் தொடங்கியபோது அந்த அறிவியல் எங்கே போய் நின்றது என்று பார்த்தால், தர்மகீர்த்தி நின்ற இடத்துக்கு மிக அருகில்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழி முற்றிலும் வேறு.

ஐரோப்பாவில் நம்பிக்கை எதிர்த் திசையில் தொடங்கியது. பிரெஞ்சுக் கணிதவியலர் லாப்லாஸ் 1814இல் ஓர் அறிவைக் கற்பனை செய்தார். ஒரு கணத்தில் உலகின் எல்லாப் பொருள்களின் நிலையையும் எல்லா விசைகளையும் அறிந்த அந்த அறிவுக்கு, எதிர்காலமும் கடந்த காலத்தைப்போலவே கண்முன் விரிந்திருக்கும். இதை வானிலைக்குப் பொருத்தியவர் நார்வே நாட்டு இயற்பியலர் வில்ஹெல்ம் பியர்க்னஸ். 1904இல் எழுதிய கட்டுரையில் அவர் இரண்டே நிபந்தனைகளைச் சொன்னார்: வளிமண்டலத்தின் இப்போதைய நிலை போதிய துல்லியத்துடன் தெரிய வேண்டும், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை உண்டாகும் விதிகள் போதிய துல்லியத்துடன் தெரிய வேண்டும். இயக்கம், நிறை, ஆற்றல், ஈரம் ஆகியவற்றுக்கான சமன்பாடுகள் அப்போதே தெரிந்தவை. தீர்த்துக் காட்டுவதுதான் பாக்கி.

அதைக் கையால் தீர்க்க முயன்றவர் இங்கிலாந்தின் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். அவர் குவேக்கர் கிறித்தவர்; மனசாட்சியின்படி போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பணி ஓயும் நேரங்களில், 1910 மே 20ஆம் நாளின் வானிலைத் தரவுகளை வைத்துக்கொண்டு மத்திய ஐரோப்பாவைக் கட்டங்களாகப் பிரித்து ஆறு மணி நேரக் கணிப்பு ஒன்றைத் தாளிலும் பென்சிலிலும் போட்டார். கையெழுத்துப் படி 1917இல் போர்முனையில் தொலைந்து, மாதங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது. 1922இல் நூலாக வந்தபோது அவர் தம் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டார். அவருடைய கணக்கு ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது. உண்மையில் அன்று அழுத்தமானி ஏறக்குறைய அசையவே இல்லை. சமன்பாடுகளில் குற்றமில்லை, தொடக்கத் தரவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததே பிழையை ஊதிப் பெருக்கியது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அதே நூலில் அவர், உலக வானிலையை நிகழும் வேகத்திலேயே கணிக்க 64,000 பேர் ஒரு பெரிய வட்ட அரங்கில் உட்கார்ந்து கணக்கிடுவதாகக் கற்பனை செய்தார். 1920இல் வானிலைத் துறை விமானப் படை அமைச்சகத்தின் கீழ் வந்ததும் வேலையை விட்டுவிட்டார். பிற்காலத்தில் போர்கள் ஏன் மூள்கின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்தார். முன்னறிதல் உயிர்களைக் காப்பதற்கே என்று நம்பிய ஒருவர் அந்தத் துறையின் முதல் கணிப்பைப் போட்டார் என்பது இத்துறையின் வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி.

மின்னணுக் கணினி வந்ததும் வேலை எளிதாயிற்று. 1950இல் எனியாக் கணினியில் வானிலையாளர்கள் சார்னி, ஃபியோர்ட்டோஃப்ட், கணிதவியலர் ஃபான் நாய்மன் மூவரும் எளிமையாக்கிய சமன்பாடுகளைக் கொண்டு 24 மணி நேரக் கணிப்பைப் போட்டார்கள். அதற்கும் ஏறத்தாழ 24 மணி நேரமே பிடித்தது.

இன்றைய மாதிரி ஒன்றின் உள்ளே புயல் எப்படி உருவாகிறது? உலகின் மேற்பரப்பும் அதன் மேலுள்ள காற்றும் சிறு சிறு பெட்டிகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஐரோப்பிய நடுத்தர கால முன்கணிப்பு மையத்தின் மாதிரியில் ஒரு பெட்டியின் அகலம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். உயரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அடுக்குகள். ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றின் திசை, வேகம், வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவை எண்களாகத் தரப்படுகின்றன. சில நிமிடங்களுக்கு ஒரு முறை என்ற கணக்கில், ஒவ்வொரு பெட்டியும் தன் அண்டைப் பெட்டிகளோடு காற்றையும் ஈரத்தையும் வெப்பத்தையும் பரிமாறிக்கொள்வது கணக்கிடப்படுகிறது. சுமார் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடான கடலிலிருந்து ஈரம் எழுகிறது. மேலேறிக் குளிர்ந்து மேகமாகும்போது தனக்குள் இருந்த உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. மேலே காற்று சூடாகி, கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமிருந்து காற்று உள்ளே பாய்கிறது. பூமி சுழல்வதால் அந்தப் பாய்ச்சல் நேராக வராமல் வளைந்து சுழல்கிறது. சுழற்சி வலுக்க, கடலிலிருந்து இன்னும் கூடுதலாக ஈரம் எழுகிறது.

உலகளாவிய மாதிரியின் சமன்பாடுகளில் புயல் என்று ஒன்று எழுதப்பட்டிருப்பதில்லை. கண் என்றும் அதைச் சுற்றிய கண்சுவர் என்றும் யாரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. (சில வட்டார மாதிரிகளில் தொடக்கத்தில் ஒரு சுழலைப் பதித்துக் கொடுப்பதுண்டு.) இருந்தும் கணக்கு ஓட ஓட ஒரு சுழல் திரண்டு, நடுவே கண் திறக்கிறது. சத்காரியவாதம் பேசும் சாங்கியருக்கும் சைவ சித்தாந்திக்கும் இது வியப்பாக இராது: காரியம் காரணத்தில் ஏற்கெனவே உள்ளது, இல்லாதது தோன்றாது என்பது அவர்கள் கொள்கை. குடம் மண்ணில் அடங்கியிருந்ததுபோலப் புயல் தொடக்க நிலையில் அடங்கியிருந்தது. நியாய மரபினர் இதை ஏற்கமாட்டார்கள். காரியம் முன்பு இல்லாமல் புதிதாகத் தோன்றுவது என்பார்கள். மாதிரியை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஆனால் கணக்கின் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியிலிருந்து மட்டுமே பிறக்கிறது என்பதால், மாதிரிக்குள் நிகழும் உலகம் சத்காரியவாதியின் உலகமாகவே நடந்துகொள்கிறது. கணினியில் பெய்யும் மழை யாரையும் நனைக்காது என்று அமெரிக்க மெய்யியலர் ஜான் சேர்ல் 1980இல் சுட்டிக்காட்டினார். அது மனத்தைப் பற்றிய வாதத்துக்காகச் சொன்னது. புயல் கணிப்புக்கு நனைத்தல் தேவையில்லை. உறவுகளின் வடிவம் ஒத்திருந்தால் போதும்.

அந்த வடிவம் முழுமையாக ஒத்திருப்பதில்லை என்பதே தொல்லை. இடிமேகத்தின் உள்ளே காற்று மேலெழும் தூண்கள் பல பெட்டியைவிடச் சிறியவை. அலையின் நுரையும் காற்றில் பறக்கும் உப்புத் துளிகளும் இன்னும் சிறியவை. பெட்டிக்குள் அடங்கிவிடும் இத்தகைய நிகழ்வுகளை நேரடியாகக் கணக்கிட முடியாததால், அவற்றின் மொத்த விளைவு இவ்வளவு இருக்கும் என்று தோராய விதிகளால் நிரப்புகிறார்கள். அவை அனுபவத்தாலும் அளவீட்டாலும் சரிசெய்யப்பட்டவை. சமன்பாடுகளைப்போல முதற்கொள்கைகளிலிருந்து பெறப்பட்டவையல்ல. ஆகவே மாதிரி என்பது விதியும் ஊகமும் சேர்ந்து நெய்த துணி.

பியர்க்னசின் முதல் நிபந்தனை, அதாவது இன்றைய நிலையை அறிதல், கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். எதிர்காலத்தைத்தான் அனுமானிக்க வேண்டும், நிகழ்காலத்தைப் பார்த்தால் போதாதா? வங்கக் கடலின் நடுவில் பார்ப்பவர் யார்? சென்னையிலும் காரைக்காலிலும் பலூன் விடுகிறார்கள். கடலில் ஆங்காங்கே நங்கூரமிட்ட மிதவைகள் இருக்கின்றன. புயல் என்றால் கப்பல்கள் விலகிப் போய்விடும். அமெரிக்கர்கள் அட்லாண்டிக் புயல்களுக்குள் விமானம் செலுத்திக் கருவிகளை வீசி அளக்கிறார்கள். வங்கக் கடலில் அந்த வழக்கம் இல்லை. மிஞ்சுவது பெரும்பாலும் செயற்கைக்கோள். அதுவும் வெப்பத்தை அளப்பதில்லை. வளிமண்டலத்திலிருந்து வந்து சேரும் கதிர்வீச்சை அளக்கிறது. அந்தக் கதிர்வீச்சை உண்டாக்கியிருக்கக்கூடிய வெப்பமும் ஈரமும் எவை என்பதைக் கணக்கால் பின்னோக்கிப் பெறுகிறார்கள். ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேலே பெய்த மழையை அறியும் அதே எச்சம் இது.

காரியத்திலிருந்து காரணத்துக்குப் போவது பிழையாதது என்றார் அறவண அடிகள். புகைக்கும் நெருப்புக்கும் அது பொருந்தும். கதிர்வீச்சுக்குப் பொருந்துவதில்லை, ஒரே அளவான கதிர்வீச்சைப் பல வெவ்வேறு வெப்ப அடுக்குகள் உண்டாக்க முடியும். இந்த இடைவெளியை நிரப்ப, மாதிரி சில மணி நேரம் முன்பு போட்ட கணிப்பையே முதல் ஊகமாக எடுத்துக்கொண்டு, புதிய அளவீடுகளால் அதைத் திருத்துகிறார்கள். தரவு உள்ளிணைப்பு எனப்படும் இந்தப் பணிக்குப் பெரிய மையங்களில் முன்கணிப்புக்கு நிகரான கணினி உழைப்பு செலவாகிறது. ஆகவே மாதிரி ‘இப்போது’ என்று எடுத்துக்கொள்வது, நேற்றைய கருதலும் இன்றைய காண்டலும் கலந்த ஒரு கருதல். தூய காண்டல் அங்கே எங்கும் இல்லை. மெய்யியலர்கள் காட்சிக்கும் அனுமானத்துக்கும் இடையே இழுத்த கோடு, கடல்மேல் பறக்கும் செயற்கைக்கோளின் தரவில் கரைந்துபோகிறது.

தொடக்க நிலை சற்றே தவறினால் என்ன ஆகும் என்பதை 1961இல் வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ் கண்டுகொண்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு சிறு கணினியில் பன்னிரண்டு மாறிகள் கொண்ட எளிய வானிலை ஒன்றை ஓட்டிவந்தார். ஒரு பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, அச்சிட்ட தாளில் இருந்த எண்ணை நடுவிலிருந்து உள்ளிட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது புதிய ஓட்டம் பழையதிலிருந்து முற்றிலும் விலகியிருந்தது. கணினியின் நினைவில் 0.506127 என்று இருந்தது அச்சில் 0.506 என்று சுருங்கியிருந்ததே காரணம். 1963இல் இதைக் கணிதமாக வெளியிட்டார். 1969இல் இன்னும் கடுமையான ஒரு முடிவுக்கு வந்தார்: வளிமண்டலத்தில் சிறு அளவுப் பிழைகள் விரைவாகப் பெரிய அளவுகளுக்கு ஏறிப் பரவுவதால், தொடக்கப் பிழையைக் குறைத்துக்கொண்டே போனாலும் கிடைக்கும் கூடுதல் காலம் குறைந்துகொண்டே வரும், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு அப்பால் அன்றாட வானிலையை விவரமாகச் சொல்ல முடியாது.

இதில் மெய்யியலுக்கு ஒரு பெரிய செய்தி இருக்கிறது. லாப்லாஸ் இரண்டு பொருள்களை ஒன்றாகக் கட்டியிருந்தார்: எல்லாம் விதிப்படி நிகழ்கிறது என்பது ஒன்று, ஆகவே எல்லாவற்றையும் முன்னறியலாம் என்பது மற்றொன்று. லோரன்சின் சமன்பாடுகளில் தற்செயல் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு அடியும் கண்டிப்பாக விதிக்கப்பட்டது. இருந்தும் முன்னறிய முடியவில்லை. விதிக்கப்பட்டிருத்தல் வேறு, அறியப்படக்கூடியதாயிருத்தல் வேறு என்று ஆகிவிட்டது. உலகம் நியதிக்கு உட்பட்டதா என்ற கேள்விக்கு வானிலையிலிருந்து விடை வராது. நியதி இருந்தாலும் அது மனிதருக்குத் திறந்த புத்தகமாக இராது என்பது மட்டும் தெளிவாகிறது. ஊழை நம்புகிறவர்கள் பலர் இதை முன்பே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொன்னது பக்தியால். லோரன்சுக்கு அது கணக்கின் வழியே வந்தது.

இந்த எல்லையை ஏற்றுக்கொண்டு அதற்குள்ளேயே வேலை செய்யும் முறைதான் குழுமக் கணிப்பு. 1992 டிசம்பரில் ஐரோப்பிய மையமும் அமெரிக்காவும் இதை வழக்கமான பணியாகச் செய்யத் தொடங்கின. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே கணிப்பைப் பல முறை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையத்தில் இப்போது 51 முறை. வரைபடத்தில் அவை நூலிழைகளாகத் தெரியும். முதல் இரண்டு நாள் சேர்ந்தே செல்லும். பிறகு சிலது சென்னைக்கு, சிலது ஆந்திரக் கரைக்கு, ஒன்றிரண்டு கடலிலேயே சுழன்று தேயும். 51இல் 30 இழைகள் ஒரு கரையைத் தொட்டால், அக்கரைக்கு வாய்ப்பு அறுபது விழுக்காட்டுக்கு அருகில் என்று கொள்ளலாம். மாதிரி இப்போது காரியத்தைச் சொல்லவில்லை. தொடக்க நிலைக்கு எந்தெந்தக் காரியத்துக்கான தகுதி எவ்வளவு உண்டு என்பதைச் சொல்கிறது. தர்மகீர்த்தி அனுமதித்ததும் அவ்வளவுதான். தகுதிக்கு எண் கொடுப்பது மட்டும் அவர் அறியாத புதுமை.

அவர் சொன்ன இடைத்தடைக்கு 2020 டிசம்பரின் புரெவி புயல் நல்ல சான்று. டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே இலங்கைக் கரையைக் கடந்து, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. அடுத்த சில மணி நேரத்தில் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரை கடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தென் மாவட்டங்கள் ஆயத்தமாயின. அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, ராமநாதபுரம் அருகே கடலிலேயே நகராமல் நின்று, அங்கேயே தேய்ந்தது. பெருமழை கொட்டியதோ வடக்கே சிதம்பரத்திலும் கடலூர்ப் பக்கத்திலும். காரணங்கள் கூடியிருந்தன, காரியம் வேறாக முடிந்தது.

இங்கே ஒரு பழைய கேள்வி திரும்பி வருகிறது. நாளை கடற்போர் நடக்கும் என்று இன்று ஒருவர் சொன்னால், அந்தக் கூற்று இன்றே உண்மையா பொய்யா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். இன்றே உண்மை என்றால் போர் தவிர்க்க முடியாதது ஆகிவிடும். அதைக் குறித்து ஆலோசிப்பதில் பொருளே இராது. வானிலை மையம் நாளை புயல் கரை கடக்க அறுபது விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லும்போது கேள்வி இன்னும் சிக்கலாகிறது. புயல் வந்தாலும் அந்தக் கூற்று மெய்ப்பிக்கப்படவில்லை, வராவிட்டாலும் பொய்யாகவில்லை. தனிக் கூற்று ஒன்றை உரைத்துப் பார்க்கக் கல்லே இல்லை. வாய்ப்புக் கணிப்பைச் சோதிக்கும் அளவுகோல் வேறு வழியில் போகிறது: அறுபது விழுக்காடு என்று சொன்ன எல்லா நாள்களையும் திரட்டு, அவற்றில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டு நாள்களில் அது நடந்திருந்தால் சொன்னவர் நம்பத் தகுந்தவர். உண்மை இங்கே ஒரு வாக்கியத்தின் குணமாக இல்லாமல் ஒரு நெடுநாள் நடத்தையின் குணமாக மாறுகிறது. ஆப்தவாக்கியம், அதாவது நம்பத்தக்கவர் சொல், ஓர் அளவை என்று நியாய மரபு கொள்வதற்கு இது வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. ஒரு நாள் பொய்த்ததற்காக மாதிரியைத் தூற்றுவதும் ஒரு நாள் பலித்ததற்காகப் போற்றுவதும் ஒரேபோல் அறியாமை.

பாதையைவிட வலிமையைக் கணிப்பது கடினம். புயலை நகர்த்துவது அதைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு விரியும் பெருங்காற்று. மாதிரிகள் அதை நன்றாகப் பிடிக்கின்றன. 2012இல் சாண்டி புயல் அட்லாண்டிக்கில் இடப்புறம் திரும்பி அமெரிக்காவின் நியூ ஜெர்சியைத் தாக்கும் என்பதை ஐரோப்பிய மாதிரி சுமார் ஒரு வாரம் முன்பே காட்டியது. வலிமையோ சில பத்துக் கிலோமீட்டருக்குள் கண்சுவரில் நடக்கும் மேக எழுச்சியையும், காலடியில் உள்ள கடல் எவ்வளவு ஆழம்வரை சூடாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவை நோக்கி வந்த ஓடிஸ், ஒரே நாளுக்குள் சாதாரண வெப்பமண்டலப் புயலிலிருந்து ஐந்தாம் வகைச் சூறாவளியாக உயர்ந்து ஊருக்குள் நுழைந்தது. முதல் நாள் மாதிரிகள் எதுவும் அதைக் காட்டவில்லை.

அண்மையில் வந்த செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் அனுமானம் பற்றிய கேள்வியை வேறொரு முனையில் கிளறுகின்றன. 2023இல் வெளியான கிராஃப்காஸ்ட், பாங்கு-வெதர் போன்றவை இயக்கச் சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. பல பத்தாண்டுகளின் வானிலைப் பதிவைக் கற்று, இப்படி இருந்தபோது அடுத்து இப்படி ஆனது என்ற உடனிகழ்வுகளிலிருந்து எதிர்காலத்தை வரைகின்றன. மணிக்கணக்கான வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. புயலின் பாதையில் பழைய மாதிரிகளுக்கு நிகராகவும், பல நேரங்களில் மேலாகவும் வருகின்றன. வலிமையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் அவற்றில் பலவற்றுக்கு உண்டு. இம்மாதிரிகள் நம்பியிருக்கும் உடனிகழ்வுக்குத் தருக்கத்தில் பெயர் வியாப்தி: புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற பிரியா உடனிருப்பு. பொருள்முதல்வாதிகளான சார்வாகர்கள் வியாப்தியையே ஏற்கவில்லை. பார்த்த இடங்களில் சேர்ந்திருந்தது பார்க்காத இடத்திலும் சேர்ந்திருக்கும் என்பதற்கு உறுதி எங்கே, கண்ணுக்குத் தெரியாத ஒரு நிபந்தனை உள்ளே ஒளிந்திருக்கலாமே என்று கேட்டார்கள். கடல் சூடேறிவரும் காலத்தில் அந்த ஒளிந்த நிபந்தனை வெறும் வாதத்துக்கானதாக இல்லை. பதிவில் இல்லாத அளவு சூடான கடலில், பதிவு கற்பித்த உடனிகழ்வு நிற்குமா? இம்மாதிரிகளும் தங்கள் தொடக்க நிலையைப் பெரும்பாலும் பழைய வகை மாதிரிகள் சமைத்துத் தரும் தரவிலிருந்தே எடுக்கின்றன என்பதால், விதியை விட்டு முழுமையாக விலகிவிட்டன என்றும் சொல்ல முடியாது.

சைவ சித்தாந்தம் ஒரு காரியத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லும். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். புயலுக்கு ஈர வெப்பத்தை முதற்காரணம் என்றும் பூமியின் சுழற்சியையும் மேலடுக்குக் காற்றின் அமைதியையும் துணைக்காரணம் என்றும் கொள்ளலாம். நிமித்த காரணத்துக்கு மாதிரியில் இடம் இல்லை. அதை மறுக்கவும் மாதிரியால் முடியாது; அந்தக் கேள்வியை அது கேட்பதே இல்லை. ஆனால் சமயங்கள் புயலைப் பற்றிக் கேட்டது யார் அனுப்பியது என்பது மட்டுமல்ல, அறிவிக்கப்பட்ட பிறகு மனிதர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேட்டன. விவிலியத்தில் யோனா நினிவே நகரம் அழியும் என்று அறிவிக்கிறார், மக்கள் மனம் திரும்புகிறார்கள், நகரம் தப்புகிறது, சொன்னது நடக்கவில்லையே என்று யோனா வருந்துகிறார். குர்ஆனிலும் யூனுஸ் நபியின் மக்கள் நம்பிக்கை கொண்டு தப்பியது சொல்லப்படுகிறது. அழிவை முன்னறிவிப்பது அந்த அழிவு நிகழாமல் போவதற்காகத்தான் என்ற உண்மையைப் புயல் எச்சரிக்கைக்கு இதைவிட நன்றாக விளக்கும் கதை இல்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அறிவிப்பைக் கேட்டுப் புயல் தன் வழியை மாற்றிக்கொள்ளாது. மாறக்கூடியது சாவு எண்ணிக்கை.

அது மாறியிருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது, ஊரே அழிந்தது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் இறந்தவர்கள் மூன்று முதல் ஐந்து லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. 1999 அக்டோபர் 29இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000. அதே மாநிலத்தில் 2013 அக்டோபர் 12இல் கோபால்பூர் அருகே பைலின் கரை கடந்தபோது, அதற்கு முன்பே பத்து லட்சம்பேர் அளவுக்கு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இறப்பு சில பத்துகளில் நின்றது. கணிப்பு மட்டும் இதைச் செய்யவில்லை. புயல் காப்பகங்களும் சாலைகளும் வீடு வீடாகப் போய் அழைத்தவர்களும் செய்தார்கள். ஆனால் கணிப்பு இல்லாமல் எப்போது அழைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. விதி என்ற சொல்லால் மூடிவைக்கப்பட்டிருந்த ஒரு பெரும் பரப்பு இப்படி மனிதக் கடமைக்குள் வந்து சேர்ந்தது.

சாவு விதிக்கப்பட்டிருந்தால் மருத்துவரிடம் போனாலும் சாவு வரும், போகாவிட்டாலும் வரும், ஆகவே போவானேன் என்று கேட்கும் வாதத்தைக் கிரேக்கர்கள் சோம்பல் வாதம் என்றார்கள். ஸ்டோயிக் மெய்யியலர் கிரிசிப்பஸ் தந்த விடை: மருத்துவரிடம் போவதும் சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கிறது. புயல் காப்பகத்துக்குப் போவதற்கும் அதே விடை பொருந்தும்.

கடினமான கேள்வி பொய்த்துப்போகும் எச்சரிக்கையைப் பற்றியது. அறுபது விழுக்காடு என்று சரியாகச் சொல்லும் மையம் பத்தில் நான்கு முறை வராத புயலுக்காக மக்களை எச்சரித்திருக்கும். கணக்குப்படி, காத்துக்கொள்ள ஆகும் செலவை வரக்கூடிய இழப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைவிட வாய்ப்பு அதிகமானால் காத்துக்கொள்வதே அறிவுடைமை. துறைமுகத்துக்கு அந்த எண் ஒன்று. நாள் கூலியில் வாழும் மீனவருக்கு வேறொன்று. ஒரு வாரம் கடலுக்குப் போகாதிருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. போனால் உயிர் போகலாம். இந்த இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துவது வானிலைக் கணக்கின் வேலையே அல்ல. தடை விதிக்கும் அரசு அந்த நாள்களுக்கான கூலியையும் தருவது நீதி. 2017 நவம்பர் 30இல் கன்னியாகுமரி அருகே ஒக்கி சில மணி நேரத்தில் புயலாக வலுத்தபோது, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடல் விசைப்படகுகள் பல ஏற்கெனவே தொலைதூரத்தில் இருந்தன. அவற்றில் இருந்த மீனவர்களை எட்டும் வழி இல்லாத எச்சரிக்கை, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அவர்களுக்கு இல்லாத அறிவு.

இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. பகலில் கூம்பும் உருளையுமாகவும், இரவில் விளக்குகளாகவும் ஏற்றுவார்கள். ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள புயலைச் சொல்பவை. எட்டு முதல் பத்து வரை பேராபத்தைச் சொல்பவை. பதினொன்றாம் எண்ணின் பொருள் வேறு: வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார்.